ஒரு கோட்டு, இரண்டு கொக்கி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான ஒரு பிறப்பைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாணலியில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கத்தினாள்.

"அதெப்படி? ரெண்டு பேர் ஒருத்தன்கிட்ட போகலாம், ஆனா ஒருத்தி ரெண்டு பேர்கிட்ட போகக் கூடாதா?"

"கூடவே கூடாது!" என்றது ஆண் குரல். "அதுதான் வரையறை!"

"யாரு வகுத்தது? ஆம்பளைதானே?"

அடுப்பை அணைத்தேன். கண்ணாடி டம்ளரைச் சுவரில் வைத்துக் காதை அதன்மேல் வைத்தேன். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

"சரி, y-ஐ விடு. முதல்ல x-ஐப் பாரு" என்றார் அந்த மனிதர், களைத்துப்போய்.

கணக்கு. அத்தனை ஆவேசமும் பள்ளிக்கூடக் கணக்குக்காக. டம்ளரை எடுத்துவிட்டேன். பிறகு திரும்பவும் வைத்தேன். ஏனென்றால் கத்திக்கொண்டிருந்த இருவரும் விவாகரத்து ஆனவர்கள்.

2

தொடக்கம் (முதல் முயற்சி): டான்யூப் நதி ரூசே நகரத்தைத் தொடும்போது, காலம் என்னும் மாறியின் சார்பாக, தன்னையே ஒரு வளைகோடாக

[இந்த வாக்கியத்தைக் கைவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கத்திய கிச்கா இதைப் படித்துவிட்டு, "ஆறு ஆறாத்தான் ஓடுது. உனக்கு என்ன கஷ்டம், சவா?" என்று கேட்டாள்.]

தொடக்கம் (இரண்டாம் முயற்சி): சார்பு என்றால் என்ன? ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மற்றொரு கணத்தின் ஒரே ஓர் உறுப்பை

[இது அந்த ஆண் குரலுக்காரர் லாச்செசார் எழுதிக் கொடுத்தது. இந்த இடத்தில் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார் என்றேன். "புரட்டட்டும். வரையறை தெரியாதவன் உள்ளே வந்து என்ன பண்ணப் போறான்?" என்றார்.]

மூன்றாவது முயற்சிதான் நீங்கள் மேலே படித்தது. முட்டை வீணாய்ப் போனது என்பதைத் தவிர அதில் குறை ஒன்றும் இல்லை.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர்தான், என்னைச் சேர்க்காமல்.

கிச்கா, நாற்பத்தேழு வயது, துறைமுக உணவகத்தில் சமையல். குரல் பெரிது. படகுக்காரர்களுக்கு அவள் முகம் தெரிவதற்கு முன்பே குரல் தெரியும். "பீன்ஸ் சூப் ரெடி!" என்று அவள் கூப்பிட்டால் எதிர்க்கரை ருமேனியாக்காரனும் ஒரு நிமிடம் எழுந்து நிற்பான் என்று சொல்வார்கள். அந்தக் குரலுக்காகவே துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. வயர்லெஸ்ஸில் படகுகளை வரச் சொல்வதும் நிற்கச் சொல்வதும். ஆனால் அதற்குப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். கிச்கா முடிக்கவில்லை. கடைசி வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். மற்ற பாடங்களையெல்லாம் தனித்தேர்வராக எழுதித் தள்ளியாகிவிட்டது. மிச்சம் கணக்கு ஒன்றுதான்.

அவள் கல்யாணம் செய்துகொண்டது லாச்செசாரை. அப்போது அவர் மாணவர். இப்போது பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சார்புகளைப் பற்றிய உயர்நிலை ஆராய்ச்சி. அவர் படித்து முடிக்கும்வரை கிச்கா பகலில் சமைத்தாள். குளிர்காலத்தில் நாடக அரங்கில் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் வேலையும் பார்த்தாள். அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை ஏதும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த யோசனை வருடக்கணக்கில் நீண்டது. விவாகரத்து வழக்கில் நீதிபதி, "சம்மதமா?" என்று கேட்டதற்கு, "எந்த அர்த்தத்தில்?" என்று கேட்டாராம்.

பிரிந்த பிறகும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒருவர் பங்கை மற்றவரால் வாங்க முடியவில்லை. ஆளுக்கோர் அறை, சமையலறை பொது. என் சுவரும் பொது என்பது அவர்களுக்குத் தெரியாது. (இப்போது தெரியும்.)

மூன்றாமவன் ப்ளாமென். லாரி ஓட்டுநர். ஸ்டுட்கார்ட்டில் பல வருடம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தான். கிச்காவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான்.

4

பாடத்துக்கு வருவோம்.

"f(x) = f(3)" என்று லாச்செசார் எழுதினார். "x என்ன?"

கிச்கா இரண்டு பக்கத்து f-ஐயும் அடித்தாள். "மூணு."

அடுத்த வீட்டில் நாற்காலி கீச்சிட்டது எனக்கே கேட்டது.

"f-ஐ அடிக்கக் கூடாது. அது எண் இல்ல."

"அப்ப விடை தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"சரியா?"

"சரின்னும் சொல்ல முடியாது. அது பொறுத்தது."

"எதைப் பொறுத்தது?"

"f-ஐப் பொறுத்தது."

"இருபது வருஷம் உன்னோட குடும்பம் நடத்தினேன்யா. உப்பு போதுமான்னு கேட்டாலும் இதே பதில்தான்."

இப்படியே மார்ச் முழுக்கப் போனது. கிச்காவுக்கு எதிலும் எரிச்சல் வந்தது. மதிப்பகம் ஏன், துணை மதிப்பகம் ஏன், நிழல் உரு என்றால் பேய்க் கதையா. லாச்செசாருக்கோ எளிமையாகச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை எளிமையாக்கினால் அது பொய்யாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். ஒவ்வொரு வாக்கியத்தோடும் இரண்டு விதிவிலக்குகளைச் சேர்த்தே பரிமாறினார்.

ஒரு சனிக்கிழமை கிச்கா கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

"நிறுத்து. நான் சொல்றேன், நீ தலையாட்டு. நாடகத்துக்கு ஜனம் வருது. ஒவ்வொருத்தரும் கோட்டைக் கழட்டித் தர்றாங்க. நான் வாங்கிக் கொக்கியில மாட்டறேன். கோட்டு x, கொக்கி y. சரியா?"

"கோட்டு எண்ணே இல்லையே—"

"சரியா?"

"…சரி."

"வந்த கோட்டு எல்லாத்தையும் மாட்டியே ஆகணும். தரையில போட்டா சீட்டுக் கிழிஞ்சிரும். கொக்கி சிலது காலியா இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல. கூட்டம் அதிகம்னா ஒரே கொக்கியில ரெண்டு கோட்டும் மாட்டலாம். ஆனா ஒரு கோட்டை ரெண்டு கொக்கியில மாட்டினா?"

லாச்செசார் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கிழிஞ்சிரும்!" என்றாள் கிச்கா. "இதைச் சொல்றதுக்கு உனக்கு ரெண்டு மாசம்!"*

* லாச்செசாரின் குறிப்பு: அன்று நாடகத்துக்கு ஒருவருமே வராமல் போகலாம். கோட்டுகளின் கணம் வெற்றுக் கணமானாலும் அது சார்புதான். இதைக் கதையில் சேர்க்க வேண்டும். [இடமில்லை என்றேன். "வெற்றுக் கணத்துக்கு இடமே தேவையில்லை" என்றார்.]

5

அடுத்து நடந்ததை எழுத எனக்குத் திறமை போதாது. டம்ளர் வழியாகக் கேட்டதை அப்படியே தருகிறேன்.

கிச்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஏன்யா, ஒரு நாள் நாடகத்துக்கு வந்த மொத்தக் கோட்டும், எது எந்தக் கொக்கியிலங்கிறதும் சேர்ந்து ஒரு சார்பு. அப்படித்தானே?"

"ஆமா."

"மறுநாள் அதே ஜனம் வந்தாலும் வேற மாதிரி மாட்டுவேன். அது வேற சார்பு."

"ஆமா."

"அப்ப ஒவ்வொரு நாளையும் ஒரு கோட்டு மாதிரி பார்த்தா, அந்த நாளையே தூக்கி ஒரு கொக்கியில மாட்டலாமே? நல்ல நாள் மேல் கொக்கி, மோசமான நாள் கீழ்க் கொக்கின்னு?"

டம்ளரில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி பொருத்தினேன்.

"அதைத்தான்" என்றார் லாச்செசார். "சார்பையே தூக்கி மாட்டறது. அதைத்தான் நான் செய்றேன் கிச்கா. இத்தனை வருஷமா."

"எதை?"

"அதைத்தான். நீ இப்ப சொன்னதை. அதுக்குக் கொஞ்சம் மேல."

[இந்த இடத்தில் நான் எழுதிய முதல் பிரதியில் கிச்காவின் கண்கள் கலங்கின. அவள் அவர் தோளில் கை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே லிண்டன் மரம் பூத்தது. மூன்றும் பொய். உண்மையில் நடந்தது கீழே.]

ஒரு தட்டு உடைந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா பக்கத்துல உட்கார்ந்திருந்தவகிட்ட ஒரு வார்த்தை பேசாம இருந்தே? என்னய்யா யோசிக்கிறேன்னு எத்தனை தடவை கேட்டேன்! 'உனக்குப் புரியாது'ன்னியே!"

"புரியாதுன்னு நினைச்சேன்."

"சொல்லிப் பார்த்தியா?"

"இல்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. டம்ளரைக் கழுவி அடுக்கில் வைத்துவிட்டேன். ஒட்டுக்கேட்பதற்கும் ஒரு மதிப்பகம் இருக்கிறது. அதைத் தாண்டினால் அது வரையறுக்கப்படவில்லை.

6

ப்ளாமெனைப் பற்றி எனக்குச் சந்தேகம். பாத்திரமாக, என்கிறேன். ஆளாக அல்ல.

முதல் பிரதியில் அவனுக்கு ஸ்டுட்கார்ட்டில் ஒரு குடும்பம் வைத்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. கிச்கா படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். "அவன் தங்கமான ஆளு. உன் வசதிக்கு அவனை ஏன் கெடுக்கிறே?" இரண்டாம் பிரதியில் அவனைக் குடிகாரனாக்கினேன். அவனே படித்துவிட்டு வருத்தத்தோடு, "எனக்கு ராக்கியா வயித்துக்கு ஒத்துக்காது, ஐயா" என்றான்.

ஆகவே இருக்கிறபடியே எழுதுகிறேன். அவனிடம் ஒரே ஒரு சிக்கல். தலை.

எங்கள் நாட்டில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை'. பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. ஜெர்மனியில் நேர்மாறு. இரண்டு ஊருக்கும் நடுவில் வண்டி ஓட்டி ஓட்டி ப்ளாமெனின் கழுத்துக்குத் தான் எந்த நாட்டுக் குடிமகன் என்பது மறந்துபோயிருந்தது.

மே மாதம், என்னையும் கூப்பிட்டிருந்த ஒரு மதிய உணவின்போது கிச்கா கேட்டாள். "ப்ளாமென், நான் பாஸ் பண்ணிட்டா துறைமுக வேலைக்குப் போவேன். உனக்குச் சம்மதம்தானே?"

ப்ளாமென் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

"இது இந்த ஊர்த் தலையா, அந்த ஊர்த் தலையா?"

பக்கவாட்டில் ஆட்டினான்.

காபி போட வந்த லாச்செசார் அடுப்பருகே நின்றுவிட்டார். "ஒரே உள்ளீடு, ரெண்டு விடை" என்றார் மெதுவாக. "இது சார்பே இல்ல."

"நீ காபியைப் பாரு" என்றாள் கிச்கா. "ப்ளாமென், வாயைத் திறந்து சொல்லு."

வாயைத் திறந்தான். ஸ்டுட்கார்ட்டில் பழைய முதலாளி மறுபடி கூப்பிடுகிறார், செப்டம்பரில் போக வேண்டும், கிச்காவும் கூட வர வேண்டும், அங்கே அவள் எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை, பால்கனியில் செடி வளர்க்கலாம். அன்போடுதான் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் தலை எந்தப் பக்கமும் ஆடாமல் நடுவில் நின்றது.

"செடியா?" என்றாள் கிச்கா.

காபி பொங்கி வழிந்தது. லாச்செசார் பார்க்கவே இல்லை.

7

பரீட்சை ஜூனில், வாய்மொழியாக. மூவர் குழு. மூடிய சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் உள்ள தலைப்பைப் பற்றி, கரும்பலகை முன் நின்று பேச வேண்டும்.

உள்ளே நான் போகவில்லை. வெளியே நடைபாதையில் இருந்தேன். அங்கே சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் லாச்செசாரும் ப்ளாமெனும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ப்ளாமென் பனீர் வைத்த பனிட்சா கொண்டு வந்திருந்தான். மூவரும் பிய்த்துத் தின்றோம்.

"புரொபசர் சார்," என்றான் ப்ளாமென், "கோவிக்காதீங்க. அந்தச் சார்பு, சார்புங்கிறீங்களே, அது என்னதான்?"

நான் தலையில் கை வைத்தேன். லாச்செசார் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க லாரியில சரக்கு ஏத்தறாங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாசம்."

"ஆமா."

"ஒரே விலாசத்துக்கு நூறு பெட்டி போகலாம்."

"போகும்."

"ஒரு பெட்டியில ரெண்டு விலாசம் ஒட்டியிருந்தா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கிறீங்க! வியன்னாவுல ஒரு தடவை அப்படித்தான்…" என்று ப்ளாமென் ஆரம்பித்தான். லாச்செசார் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். விதிவிலக்கு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. மனிதர் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது. அதுவும் யாருக்காகக் கிச்கா தன்னை விட்டுப் போகலாமோ, அவனுக்கு.

பிறகு இருவருமாகக் கதவில் காதை வைத்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை. டம்ளரும் கொண்டு போகவில்லை. ஆகவே மிச்சம் கிச்கா சொன்னது.

அவள் எடுத்த சீட்டு: நேர்மாறுச் சார்பு. வரையறையில் தடுமாறினாள். குறியீட்டைத் தலைகீழாக எழுதினாள். சளி பிடித்த குழுத் தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"x வர்க்கத்துக்கு நேர்மாறு உண்டா?"

"இல்லீங்க."

"ஏன்?"

கிச்கா கோட்டை மறந்துவிடத்தான் நினைத்தாளாம். பேராசிரியர்கள் முன்னால் கௌரவமாகப் பேச வேண்டும் என்று ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்திருந்தாள். ஆனால் வாய் கேட்கவில்லை.

"கூட்டல் மூணும் கழித்தல் மூணும் ஒம்பதுங்கிற ஒரே கொக்கியில தொங்குது. ஒம்பதாம் நம்பர் டோக்கனை நீட்டினா நான் எந்தக் கோட்டை எடுத்துத் தர்றது?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்ப என்ன செய்வீங்க?"

"எதிர் எண்களைக் கதவுலயே நிறுத்திடுவேன். பூச்சியமும் அதுக்கு மேல உள்ளதும் மட்டும் உள்ள வரட்டும். அப்ப ஒரு கொக்கிக்கு ஒரு கோட்டுதான். திருப்பித் தரலாம்."

குழுத் தலைவி தும்மினாள். அது தும்மலா சிரிப்பா என்று கிச்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அடுத்த கணக்கில் ஒரு குறியை விட்டுவிட்டாள். அதற்கடுத்ததில் சார்பையும் அதன் எண்மதிப்பையும் குழப்பினாள். ஆறுக்கு நான்கு போட்டார்கள். தேர்ச்சி.

வெளியே வந்தவளிடம் முதலில் யார் வாழ்த்துச் சொல்வது என்று இருவரும் தயங்கினார்கள். தயங்கிய நேரத்தில் நான் சொல்லிவிட்டேன்.

8

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் வாசகர் கேட்பார்: யாரோடு?

முடிவு (அ): கிச்கா ப்ளாமெனோடு ஸ்டுட்கார்ட் போகிறாள். பால்கனியில் ஜெரேனியம். மாலை நேரங்களில் அவள் செடிகளைப் பார்த்து, "பீன்ஸ் சூப் ரெடி!" என்று

முடிவு (ஆ): கிச்கா லாச்செசாரிடம் திரும்புகிறாள். திரும்புகிறாள் என்ன, இருக்கும் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போகிறாள். அவர் இப்போது பேசுகிறார். நிறுத்தாமல் பேசுகிறார். அவளுக்கு அந்த மௌனமே

இரண்டையும் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் என் வீட்டு மணி அடிக்கடி அடித்தது. ப்ளாமென் நல்ல காபித்தூள் ஒரு பை கொண்டு வந்தான். எதுவும் கேட்கவில்லை. "கதை எப்படிப் போகுது ஐயா?" என்று மட்டும் கேட்டான். லாச்செசார் வெறுங்கையோடு வந்தார்.

"நான் முடிவைக் கேக்கல. எல்லையைக் கேக்கறேன். போய்ச் சேர வேண்டியதில்ல. நெருங்கிட்டே இருந்தா போதும்னு எழுதுங்களேன்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இருவருக்காகவும் எழுதினேன்.

9

கிச்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். ஆற்றின் மேல் மூடுபனி. பாலம் பாதியில் காணாமல் போயிருந்தது.

காதில் ஒலிக்கருவி மாட்டியபடியே இரண்டையும் படித்தாள்.

"எதை வெச்சுக்கலாம்?" என்று கேட்டேன்.

"சவா, எனக்கு வயசு நாப்பத்தேழு. நீ ஏன் என்னை முடிக்கப் பாக்கிறே?"

"வாசகருக்கு ஒரு பதில் வேணுமே. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு பதில்னு நீதானே—"

"அது கோட்டுக்கு. நான் கோட்டு இல்ல. கோட்டு மாட்டறவ."

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. மூடுபனிக்குள் எங்கோ நிற்கும் மணல் படகு ஒன்று. பாலத்துக்குக் கீழே போகலாமா என்று கேட்டான் அதன் தலைவன். கிச்கா பேசியைத் தூக்கினாள்.

"இப்ப வேணாம். நில்லுங்க."

"எவ்வளவு நேரம் அம்மா? பின்னால இன்னும் ரெண்டு படகு நிக்குது."

கிச்கா ஜன்னல் வழியாக வெள்ளையைப் பார்த்தாள். அவசரமே இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அந்தச் சமையலறைச் சுவர் வழியாக ஒருநாளும் கேட்டதில்லை.

[ப்ளாமென் இதைப் படிப்பான். லாச்செசாரும் படிப்பார். இருவருக்கும் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இதற்கு மேல் தெரியாது. வாசகரே, உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதிக்கொள்ளலாம். காகிதம் உங்களுடையது. ஆனால் அவளிடம் காட்டாமல் எழுத வேண்டாம்.]

"எல்லாரும் நில்லுங்க," என்றாள் கிச்கா. "நான் சொல்றேன்."